செவ்வாய்க்கிழமைக் குரல்

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட். பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் முப்பத்தெட்டுப் பெண்கள். பிரியதர்ஷினி டீச்சர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் ‘டோன்’ என்றும் அந்தப் பக்கம் ‘மூட்’ என்றும் எழுதினாள். இங்கிலீஷ் அரையாண்டுத் தேர்வுக்கு ரிவிஷன். வருஷா வருஷம் இதே கோடுதான். வருஷா வருஷம் பிள்ளைகள் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு வருவதும் வழக்கம்தான். இரண்டு மார்க் கேள்வி. ஆனால் நம் ஊரில் இரண்டு மார்க்குக்கு இருக்கிற மரியாதை பெரிய மனிதர்களுக்குக்கூடக் கிடையாது.

“டோன்னா சொல்றவங்களோடது. கேலியா சொல்றாங்களா, கோவமா சொல்றாங்களா, அந்தக் குரல். மூட்னா அதைக் கேக்கறப்ப, படிக்கறப்ப நம்ம மனசுல வந்து உக்கார்றது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல. அவங்க சிரிச்சிக்கினே சொல்லலாம், நமக்கு...”

அவள் அதை முடிக்கவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ மெதுவாக ஊர்ந்து வந்தது. அதன் தலையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ஒருமுறை கரகரத்துவிட்டுப் பேச ஆரம்பித்தது.

“அம்மா... அம்மோவ்! பழைய பட்டுப்பொடவ எடுக்கறோம்மா! பரண் மேல கெடக்கறது, பொட்டிக்குள்ள தூங்கறது, பீரோல வெச்சிப் பூட்டிட்டு சாவியத் தொலைச்சது, எதுவா இருந்தாலும் எடுத்துக்கினு வாங்கம்மா! கிழிஞ்சிருந்தா பரவால்ல. எலி கடிச்சிருந்தா பரவால்ல. மாமியாரு கட்னதா இருந்தாகூட பரவால்லம்மா! ஜரிக இருந்தா போதும், சண்ட வேணாம்!”

பிறகு ஒரு குக்கர் விசில். விசில் அடங்கியதும் அதே குரல் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இதோ வந்துட்டேம்மா, வந்துட்டேன்... வாசல்லியே நில்லுங்க!” என்றது. மறுபடியும் முதலிலிருந்து, “அம்மா... அம்மோவ்!”

ஜூலை மாதம் வரைக்கும் ‘மாமியாரு’ என்ற இடம் வந்தால் வகுப்பு கொல்லென்று சிரிக்கும். டீச்சரும் சேர்ந்து சிரிப்பாள். அது அவள் புருஷன் கமலின் குரல் என்று பள்ளிக்கூடத்துக்கே தெரியும். அவளே அதை உதாரணமாகச் சொல்லி நோட்டில் எழுதவும் வைத்தாள். டோன்: கேலி. மூட்: சந்தோஷம்.

ஆகஸ்டில் கமல் இறந்துபோனான். இப்போது டிசம்பர். வகுப்பில் ஒரு பெண்கூட நிமிரவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே போட்ட கோட்டின் மேலேயே சாக்பீஸால் திரும்பத் திரும்பக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோ தெருமுனை திரும்பிச் சத்தம் தேயும்வரை அவள் திரும்பவில்லை.

கமல் பத்தாவதில் இங்கிலீஷில் இரண்டு தடவை ஃபெயில் ஆனவன். “பாஸ் பண்ண முடியல, அதான் டீச்சரையே கட்டிக்கினேன்” என்று கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். சிவராஜ் என்கிற கூட்டாளியோடு ஆட்டோவில் தெருத்தெருவாகப் போய்ப் பழைய பட்டுப்புடவைகளை வாங்குவான். ஜரிகையை எரித்து அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பான். பட்டு நெய்கிற ஊரில் பழைய பட்டுக்கும் ஒரு தொழில் இருக்கத்தானே செய்யும்.

அந்தப் பேச்சை அவன் பதிவு செய்தது பிள்ளையார்பாளையத்து வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபேன் சத்தம் விழக் கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டு, பனியன் நனைந்து ஒட்டிக்கொள்ள, போனை வாயருகே பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று பேசினான். முடிக்கப்போகிற நேரத்தில் அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. அவன் அம்மா பெரியநாயகி உள்ளே இருந்து, “டேய் கமலு, சோறு ஆறுதுடா!” என்று சத்தம் போட்டாள். அவளுக்குத்தான் அவன் “இதோ வந்துட்டேம்மா” என்று பதில் சொன்னான். அப்புறம் பதிவு ஓடிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்து, ஊருக்கும் சேர்த்து “வாசல்லியே நில்லுங்க” என்று ஒட்டுப்போட்டான். போட்டுக் கேட்டபோது பெரியநாயகியின் குரல் விழுந்திருக்கவில்லை. விசிலும் அவன் பதிலும் மட்டும் இருந்தன.

“விசிலை எடுத்துட்டு மறுபடியும் பேசுங்க, அசிங்கமா இருக்குது” என்றாள் பிரியதர்ஷினி.

“இருக்கட்டும்மே. விசில் கேட்டா எல்லா வூட்லியும் பொம்பளைங்க அடுப்பப் பாக்க ஓடுவாங்க. ஓடினவங்க அப்டியே வாசலுக்கும் வருவாங்க பாரு” என்றான். அவன் சொன்னபடியேதான் நடந்தது, வந்தார்கள்.

‘மாமியாரு’ என்ற இடத்தில் பெரியநாயகி ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். “படவா, பெத்தவள ஊர் பூரா ஏலம் போடறான் பாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த வீட்டில் குழந்தை இல்லை. அந்தக் குறை தெரியாத அளவுக்கு மூன்று பேரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படி விளையாடியே பழகிய மனுஷனுக்குச் சாவும் விளையாட்டைப் போலவே வந்ததுதான் கொடுமை. டீக்கடையில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் மார்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து சரிந்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிவராஜும் சிரித்தான். “எழுந்திருடா, போதும்” என்று காலால் தட்டினான். சிரிப்பு அடங்கி, முகத்தைப் பார்த்து, தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகிவிட்டது.

“வெளயாட்டுக்குப் பண்றான்னு நெனச்சோம் அண்ணி” என்று ஆஸ்பத்திரி வாசலில் சிவராஜ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பிரியதர்ஷினி அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. அவன் அதே ஆட்டோவில், அதே குரலை வைத்துக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தது அவளுக்கு ஆறவே இல்லை. செத்தவன் தொண்டையில் பிழைக்கிறான் என்று நினைத்தாள். கமல் சாகும்போது சிரித்தவன், இப்போது அவனையே கூவ விட்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை தோறும் மூன்றாவது பீரியடில் அந்தக் குரல் வந்து அவளைக் கரும்பலகையோடு நிறுத்திவைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவள் வீட்டுத் தெருவுக்குப் போய்விடும். வீட்டில் அத்தை இதை எப்படித் தாங்குகிறாளோ என்று நினைத்துக்கொள்வாளே தவிர, வாய்விட்டுக் கேட்டதில்லை. இருவரும் கமலைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தார்கள். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்கிற பயம்.

வியாழக்கிழமை குளிருக்கு ஒரு போர்வை எடுக்கலாம் என்று அத்தையின் பீரோவைத் திறந்தாள். கீழ்த்தட்டில் ஒன்பது பட்டுப்புடவைகள் இருக்கும். பழையவைதான். மாம்பழ நிறத்தில் ஒன்று, மயில்கழுத்து நிறத்தில் ஒன்று, பொங்கலுக்குப் பொங்கல் வெயிலில் உலர்த்தி மடித்து வைப்பாள். இப்போது அந்தத் தட்டில் ஒரே ஒரு புடவை இருந்தது. அரக்குக் கலரில், அத்தையின் கல்யாணப் புடவை.

“அத்தை, மத்ததெல்லாம் எங்க?”

பெரியநாயகி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “எனக்கு எதுக்குமா இனிமே பட்டு? எந்தக் கல்யாணத்துக்குப் போவப் போறேன்? சிவராஜ்கிட்ட குடுத்துட்டேன்.”

“எல்லாத்தையுமா? எப்ப?”

“ஒண்ணொண்ணா குடுத்தேன். அத வுடு. அடுப்புல பால் பொங்குது பாரு.”

அடுப்பில் பாலே இல்லை. பிரியதர்ஷினியின் மனதில் கணக்கு தானாகவே முடிந்துவிட்டது. மகன் குரலைப் போட்டு மனசைக் கரைத்து, கிழவியின் பீரோவைக் காலி செய்கிறான். பாவி, இன்னும் ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் டெஸ்ட் பேப்பர் திருத்தும்போது ஸ்நேஹாவின் விடைத்தாள் வந்தது. டோனுக்கும் மூடுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொந்த உதாரணத்தோடு எழுதுக என்பது கேள்வி. இங்கிலீஷில் தப்பும் தவறுமாக அந்தப் பெண் எழுதியிருந்ததன் அர்த்தம் இதுதான்: ‘எங்கள் தெருவில் பழைய பட்டுப்புடவை ஆட்டோ வரும். பேசுகிறவருடைய டோன் கேலி. ஜூலை வரை மூட் சிரிப்பு. ஆகஸ்டிலிருந்து மூட் துக்கம். ரெக்கார்டிங் மாறவில்லை. அதனால் டோன் அவரிடம் இருக்கிறது. மூட் எங்களிடம் இருக்கிறது.’

பதினைந்து வருஷம் பாடம் எடுத்தவள் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை. அது அவளுக்கே தெரிந்தது. ஆனால் பெருமைப்படுகிற நிலையில் அவள் இல்லை. ஊரான் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அழவைத்துக்கொண்டு அந்தக் குரல் இன்னும் எதற்குச் சுற்றவேண்டும் என்றுதான் தோன்றியது. மார்க் போடாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை நேராக சர்வதீர்த்தக் குளத்துப் பக்கம் போனாள். சிவராஜ் அங்கேதான் வண்டியை நிறுத்தித் துடைப்பான். அவளைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். நாலு மாசத்துக்குப் பிறகு அவள் அவனைத் தேடி வந்திருக்கிறாள் என்று அவன் முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

“வாங்க அண்ணி.”

“அந்தப் பென்டிரைவ எடு.”

“அண்ணி?”

“எடுன்னு சொன்னேன். அவர் சாகறப்ப சிரிச்ச. செத்தப்புறம் அவர் கொரல வெச்சித் தொழில் பண்ற. இப்ப அவங்கம்மா பீரோவயும் தொடைக்கறியா? உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா?”

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிவராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் மூடிக்கொண்டான். குனிந்து, சீட்டுக்குப் பின்னால் இருந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து பென்டிரைவை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தான். விரல் நகம் அளவு இருந்தது. அதற்குள்தான் கமல் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை இருந்தது, குக்கர் விசில் இருந்தது.

கோபத்தில் இருக்கிறவர்களுக்குக் கை நீளம், யோசனை குட்டை. இரண்டு படி இறங்கி அதைக் குளத்துக்குள் வீசினாள். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

“அண்ணி...” சிவராஜ் பின்னாலேயே படிக்கு ஓடிவந்தான். “வேற காப்பி இல்ல அண்ணி.”

“அவர் போன்ல இருக்கும்.”

“அன்னைக்கி விழறப்பவே அது ஒடஞ்சி போச்சே. மூணு கடையில காட்டினேன். கைய விரிச்சிட்டாங்க.”

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. கமலின் குரல் இனி எங்கேயும் இல்லை. தினமும் வீட்டுக்கு வருகிற மனுஷன் அவளுக்குக் குரலில் செய்தி அனுப்பியதே இல்லை. கல்யாண வீடியோவில்கூட அவன் பேசுகிற இடமெல்லாம் நாதஸ்வரத்தைப் போட்டு மூடியிருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், இனிமேலாவது செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் என்ன நடக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பதினோரு மணிக்கே பெரியநாயகி குளித்து, தலை வாரி, நெற்றிக்கு விபூதி இட்டு, துவைத்த புடவை கட்டிக்கொண்டாள். பீரோவைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்தாள். மழையில் நனையாமல் ஒரு பாலிதீன் பைக்குள் வைத்து, கையில் ஏந்திக்கொண்டு போய் வாசல் கேட்டுக்கு உள்ளே நின்றாள்.

“மழையில எங்க அத்தை நின்னுக்கினு இருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. நீ உள்ள போ.”

பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ வந்தது. சத்தமில்லாமல் வந்தது. ஸ்பீக்கரில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சிவராஜ் கேட்டுக்கு எதிரே நிறுத்தினான். பெரியநாயகி எட்டிப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“ஏன்பா, இன்னைக்கி எங்கொழந்தய பேச வெக்கலியா?”

சிவராஜின் பார்வை அத்தையின் தோளுக்கு மேலாக, வாசற்படியில் நின்ற பிரியதர்ஷினியிடம் ஒருமுறை போய்விட்டு வந்தது.

“செட்டு ரிப்பேர்மா. மழையில தண்ணி பூந்துட்டுது.”

“அப்டியா.” பெரியநாயகி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “சரி, அப்ப இத அடுத்த வாரம் குடுக்கறேன். சீக்கிரம் சரி பண்ணிடுப்பா. கடைசிப் பொடவ இது. இது ஆனாக்கா அப்பறம் வண்டிய நிறுத்த எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

அவள் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து வைத்துப் பூட்டுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. பிரியதர்ஷினி செருப்புக்கூடப் போடாமல் மழையில் இறங்கி ஆட்டோவுக்குப் போனாள். சிவராஜ் சீட்டைத் தூக்கி அடியிலிருந்து ஒரு பெரிய பையை எடுத்து அவளிடம் நீட்டினான். உள்ளே எட்டுப் புடவைகள். மாம்பழம், மயில்கழுத்து, எல்லாம். மடிப்புக்கூடக் கலையவில்லை.

“உருக்கறதுக்கு மனசு வரல அண்ணி. வண்டி சும்மா தாண்டிப் போனா அம்மாவுக்கு ஒருவாட்டிதான் அவன் பேசறது கேக்குமாம். நான் பொடவயப் பிரிச்சி, ஜரிகயத் தேச்சிப் பாத்து முடிக்கறதுக்குள்ள அஞ்சாறு வாட்டி கேக்கலாம் இல்ல, அதுக்குத்தான். சும்மாவே நிறுத்தறேம்மான்னு எவ்ளோ சொன்னேன். கேக்கல. தொழிலுக்குப் போற வண்டிய வெறுங்கையோட நிறுத்தக் கூடாதாம், புள்ள வண்டியா இருந்தாலும்.”

“அன்னைக்கே ஏன் சொல்லல நீங்க?” என்று கேட்டாள்.

“சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அப்பறம்... நான் சிரிச்சேனே அண்ணி, அன்னைக்கி. நீங்க இன்னா பண்ணாலும் சரின்னு நின்னுட்டேன்.”

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவள் பையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். நாலு மாசமாக அந்தக் குரல் தன்னை மட்டும்தான் தேடி வந்து குத்துகிறது என்று இருந்தாளே, அதை நினைத்து வெட்கப்பட்டாள். தனக்கு விஷமாக இருந்தது இன்னொருத்திக்கு வாரம் ஒருவேளைச் சோறாக இருந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பாடம் எடுக்கத் தெரிந்ததே தவிர, பக்கத்தில் இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

புதன்கிழமை மூன்றாவது பீரியட். “ஸ்நேஹா, எழுந்திரு” என்றாள். விடைத்தாளில் எழுதியதற்குத்தான் திட்டு விழப்போகிறது என்று அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே எழுந்தது.

“ஜூன்ல நோட்டுல ஒரு உதாரணம் எழுத வெச்சேன் இல்ல? அதை வாசி.”

ஸ்நேஹா பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தாள். பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம். பரண் மேல் கிடப்பது. பெட்டிக்குள் தூங்குவது. வார்த்தைகள் அத்தனையும் சரியாக இருந்தன. கமல் இல்லை. ஆதார் அட்டையில் பேரை வாசிப்பது மாதிரி இருந்தது.

“இப்டி இல்ல.” டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டாள். “அவர் சொல்ற மாதிரி. உங்களுக்கெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியும். நான் வெளிய போனதும் நீங்க சொல்லிச் சிரிக்கறது ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேட்டிருக்குது. எனக்குக் கோவம் இல்ல. சொல்லுங்க.”

அவள் போனை எடுத்து, பதிவு செய்கிற பொத்தானை அழுத்தி, மேசைமேல் வைத்தாள். கடைசி பெஞ்சிலிருந்து வள்ளி மெல்ல ஆரம்பித்தாள்.

“அம்மா... அம்மோவ்!”

அந்த ‘மோவ்’ அப்படியே அவனுடையது. இரண்டாவது வரியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். பரணுக்கு வரும்போது முப்பத்தெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். சாவியைத் தொலைத்த இடத்தில் அவன் விடுகிற சின்ன இடைவெளியைக்கூட விட்டார்கள். ‘மாமியாரு’ என்ற இடத்தில் அவன் குரல் எங்கே ஏறி எங்கே இறங்குமோ அங்கே ஏறி இறங்கியது. சண்டை வேணாம் என்றதும் வள்ளி உதட்டைக் குவித்து நீளமாக ஒரு குக்கர் விசில் அடித்தாள்.

அதோடு நின்றுவிட்டது. கடைசி வரி பாக்கி இருந்தது. டீச்சர் காத்திருந்தாள். ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. ஸ்நேஹா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். ‘இதோ வந்துட்டேன்’ என்று அந்தக் குரலில் சொல்ல அந்தப் பெண்களுக்கு மனசு வரவில்லை. யாரும் யாருக்கும் சொல்லிவைக்காமல் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். பிரியதர்ஷினி போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “ஸ்நேஹா, உனக்கு ரெண்டுக்கு ரெண்டு” என்று மட்டும் சொன்னாள். அழுகையை வராந்தா வரைக்கும் தாக்குப்பிடித்தாள்.

சாயங்காலம் பெரியநாயகி குக்கரைக் கீழே இறக்கி வைத்து, உட்கார்ந்தபடி சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிரியதர்ஷினி அடுப்படித் தரையில் உட்கார்ந்து, எட்டுப் புடவைப் பையை அவள் முன்னால் வைத்தாள்.

“செட்டு ரிப்பேர் இல்ல அத்தை. அவர் கொரல நான்தான் தூக்கிப் போட்டேன். சனிக்கிழம, கோவத்துல. இனிமே அது கெடைக்காது.”

பெரியநாயகியின் கரண்டி நின்றது. திட்டுவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தாள் பிரியதர்ஷினி.

“எங்க போட்ட?”

“சர்வதீர்த்தத்துல.”

“ஐயோ, மழைக்கித் தண்ணி ஏறியிருக்குமேமா. ஆழமா இருக்குமே” என்றாள் பெரியநாயகி. அவ்வளவுதான் சொன்னாள். பிரியதர்ஷினி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஆகஸ்டிலிருந்து அடக்கிவைத்த அழுகை அது. கிழவியின் கை அவள் தலைமேல் வந்து, நிதானமாக, கணக்கில்லாமல் தடவிக்கொண்டே இருந்தது.

அழுது ஓய்ந்ததும் அவள் போனை எடுத்தாள். “இது அவர் இல்ல அத்தை. எங்க பிள்ளைங்க” என்று சொல்லிவிட்டு ஓடவிட்டாள்.

“அம்மா... அம்மோவ்!”

பெரியநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பரண், பெட்டி, பீரோ என்று ஒவ்வொன்றாக வர வர அவள் முகம் இளகியது. ‘மாமியாரு கட்னதா இருந்தாகூட’ என்றதும் பழையபடி சிரித்தேவிட்டாள். “படவாப் பசங்க, அவன மாதிரியே இழுக்குதுங்க பாரு” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

விசில் அடித்தது. அதன் பிறகு போனில் சத்தமே இல்லை. முப்பத்தெட்டுப் பெண்கள் மூச்சு விடுவது மட்டும் லேசாகக் கேட்டது.

பெரியநாயகி காத்திருந்தாள். அடுத்த வரி வரவில்லை. பிறகு, அன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை செய்த மாதிரியே, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள்.

“டேய் கமலு, சோறு ஆறுதுடா!”

அந்தக் குரலில் துக்கம் என்று ஒரு துளிகூட இல்லை. ஆக்கிய சோறு ஆறுகிறது, கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான் என்ற எரிச்சல் மட்டும்தான் இருந்தது. கூடத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரியதர்ஷினி போனை அணைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து இரண்டு தட்டுகளை எடுத்தாள்.

“இதோ வந்துட்டேன் அத்தை” என்றாள்.

சோறு இன்னும் சூடாகத்தான் இருந்தது.